நாகியோஸ் கோர்: ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணும்போது

சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கும் மானிட்டரிங் மென்பொருள் எதையும் அதன் டாஷ்போர்டை வைத்து நான் எடை போடுவதில்லை. நாமே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது ஒரு குட்டி நிரலை, அதில் மாட்டிவிடுகிறோம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது ஒருநாள் மக்கர் பண்ணுகிறது. கோளாறு ஸ்கிரிப்டிலா, சர்வரிலா, நடுவில் இருக்கும் ஏஜென்டிலா? இதைப் பிரித்துப் பார்க்க அந்த மென்பொருள் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதுதான் என் அளவுகோல். அந்த அளவுகோலில் நாகியோஸ் கோரும், தொலைவில் இருக்கும் சர்வர்களில் ஸ்கிரிப்டை ஓட்டித்தரும் அதன் என்ஆர்பிஇ ஏஜென்டும் எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. நெட்வொர்க், சர்வர், கேமரா, யூபிஎஸ் எல்லாம் என் தலையில். நிட்டிங் ஒரு பக்கம், தையல் யூனிட்கள் ஊரின் நாலு மூலையிலும். ரௌட்டர் உயிரோடு இருக்கிறதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க எந்த மென்பொருளும் போதும். எங்களுக்கு வேண்டியது அதற்கு மேலே: ராத்திரி பேக்கப் உண்மையிலேயே எழுதப்பட்டதா, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டில் ஏதாவது டிஸ்க் செத்துவிட்டதா, கைரேகை மெஷின்களிலிருந்து வருகைப் பதிவு டேட்டாபேஸுக்கு வந்து சேர்ந்ததா. கடைசியில் சொன்னதுதான் உயிர்நாடி. இங்கே வாரச் சம்பளம். சனிக்கிழமை கணக்கு தப்பினால் ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிடும். இதற்கெல்லாம் ரெடிமேட் செக், அதாவது தயாராக எழுதிய சோதனை, கிடையாது, எழுதித்தான் ஆக வேண்டும்.

நாகியோஸ் பழைய சரக்கு. ஈதன் கால்ஸ்டாட் 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார், 2002-இல் நாகியோஸ் ஆனது. வலைப்பக்கத்தைப் பார்த்தாலே வயசு தெரியும். ஆனால் ஸ்கிரிப்டுக்கும் அதற்கும் உள்ள ஒப்பந்தம் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஸ்கிரிப்ட் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வரி அச்சிட வேண்டும், ஓர் எண்ணோடு வெளியேற வேண்டும். 0 என்றால் ஓகே, 1 என்றால் வார்னிங், 2 கிரிட்டிக்கல், 3 அன்னோன். அவ்வளவுதான். தனி லைப்ரரி, எக்ஸ்எம்எல், ஜேசன் எதுவும் வேண்டாம்.

பழுது பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நாகியோஸைத் தொடாமலே டெர்மினலில் ஸ்கிரிப்டை ஓட்டி, வெளியேறிய எண்ணை ‘எக்கோ’ போட்டுப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். எழுதிய ஸ்கிரிப்டும் வீணாகாது. 2009-இல் இதிலிருந்து பிரிந்துபோன இசிங்கா, அப்புறம் வந்த நேமான், இவற்றோடு செக்எம்கே என்ற மானிட்டரிங் மென்பொருளும், எல்லாமே இதே ஒப்பந்தத்தில் எழுதிய ஸ்கிரிப்ட்களை ஏற்றுக்கொள்கின்றன. நாளைக்கே மேனேஜ்மென்ட் வேறு மென்பொருளுக்கு மாறச் சொன்னாலும் என் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

மீதிப் பாதிக் கதைதான் தலைவலி. கையால் ஓட்டும்போது ஓடுகிறது, நாகியோஸ் ஓட்டினால் ஓடவில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்லாத நாகியோஸ் அட்மினை நான் பார்த்ததில்லை. காரணம், அது நம் ஸ்கிரிப்டை வேறு ஆளாக, வேறு சூழலில் ஓட்டுகிறது. பயனர் வேறு, ஹோம் டைரக்டரி வேறு, என்விரான்மென்ட் மாறிகள் (நிரல் ஓடும் சூழலைச் சொல்லும் அமைப்புகள்) வேறு. டேட்டாபேஸ் கிளையன்ட் நம் ஹோமில் இருக்கும் மறை ஃபைலிலிருந்து கடவுச்சொல்லை எடுத்துக்கொள்கிறது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும், நாகியோஸ் பயனருக்கு அந்த ஃபைல் இருக்காது. இப்படியெல்லாம் மாறுகிறது என்று நாகியோஸ் எங்கேயும் எச்சரிக்காது.

எங்கள் வருகைப் பதிவு ஸ்கிரிப்டின் கதையைச் சொன்னால் புரியும். எனக்கு முன்னால் இருந்தவர் பைத்தானில் எழுதி வைத்துவிட்டுப் போனது, நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒவ்வொரு யூனிட்டின் கடைசிப் பதிவு எப்போது வந்தது என்று டேட்டாபேஸில் பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஆங்கிலத்தில் ஓகே என்று ஒரு வரி. ஏதாவது யூனிட் நின்றுபோயிருந்தால் அதன் பெயரை டேட்டாபேஸிலிருந்து எடுத்து அச்சிட்டு, 2-ஓடு வெளியேறும். சம்பளச் சீட்டு தமிழில் அச்சாவதால் டேட்டாபேஸில் யூனிட் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. இங்கேதான் சிக்கல் ஒளிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சம்பளப் பிரிவு அக்கா போன் பண்ணினார். “தம்பி, மூணாவது யூனிட்ல நேத்து நைட் ஷிஃப்ட் பஞ்ச் ஒண்ணுமே வரலைங்க. உங்க சிஸ்டம் சொல்லலைங்களா?” சொல்லவில்லை. சிவப்பு (கிரிட்டிக்கல்) விழுந்தால் போனுக்கு வரும், மஞ்சள் (வார்னிங்) என்றால் மெயில் மட்டும் என்று அமைத்திருந்தோம். ராத்திரி முழுக்க அந்தச் செக் மஞ்சளில் நின்றிருக்கிறது. நிலை வரியில், ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் (ஸ்கிரிப்ட் பதிலை அச்சிடும் வழி) எதுவும் வரவில்லை, ஸ்டேண்டர்ட் எரரில் (பிழைச் செய்திக்கான தனி வழி) ‘ட்ரேஸ்பேக்’ என்று ஒரு துண்டு, பைத்தான் பிழையில் விழும்போது அச்சிடும் தலைப்பு அது. அக்காவை அழைத்து மெஷினை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்னால், யூனிட் நின்றிருக்கும் அதே நிலையில் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். கையால் ஓட்டினால் அழகாகத் தமிழில் யூனிட் பெயரைச் சொல்லி 2-ஓடு வெளியேறுகிறது. இன்னொரு பயனராக ஓட்டவைக்கும் சூடோ கமாண்டைப் போட்டு நாகியோஸ் பயனராக ஓட்டினாலும் அதே பதில்தான். நாகியோஸ் ஓட்டினால் மட்டும் ட்ரேஸ்பேக்.

நாகியோஸ் பயனருக்குப் பின்னால் ‘என்வ் -ஐ’ சேர்த்து, அதாவது என்விரான்மென்ட் மாறிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஓட்டியபோது குட்டு வெளிப்பட்டது. யூனிகோட் என்கோட் எரர். அந்த சர்வர் உபுண்டு 18.04, அதில் பைத்தான் 3.6. சர்வரில் லொகேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு, எதுவும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. லொகேல் இல்லையென்றால் அந்தப் பதிப்பு பைத்தான் வெளியீட்டை ஆங்கில எழுத்துகள் மட்டுமே அடங்கிய ஆஸ்கி என்றே எடுத்துக்கொள்ளும், ‘மூ’ என்ற எழுத்தைப் பார்த்த இடத்தில் விழுந்துவிடும். 3.7-இலிருந்து இந்த நடத்தையை மாற்றிவிட்டார்கள். சரி, கையால் ஓட்டும்போது எப்படி ஓடியது? என் லேப்டாப்பின் மொழி அமைப்பை தொலைவிலிருந்து உள்ளே நுழைய நான் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் தன்னோடு சர்வருக்குள் எடுத்துக்கொண்டு வருகிறது. உபுண்டுவில் இரண்டு பக்கமும் அப்படித்தான் இயல்பாக அமைத்திருக்கிறார்கள். சூடோவும் மற்ற மாறிகளைத் துடைத்தாலும் மொழி மாறிகளை விட்டுவைக்கும். ஆக, நான் உள்ளே வந்து சோதிக்கும் ஒவ்வொரு முறையும் மருந்தை என் கையோடு கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் நன்றாக இருக்கும்வரை பச்சை காட்டி, கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் வாயடைத்துப் போகும் செக் இது. கமாண்ட் வரையறையில் பைத்தானின் என்கோடிங்கை, தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மாறியை ஒரு வரியில் சேர்த்தேன், முடிந்தது.

இதில் நாகியோஸின் பங்கு என்ன? விழுந்தது ஸ்கிரிப்ட், விழச் செய்தது லொகேல். ஆனால் மஞ்சளாக விழுந்ததற்குக் காரணம் அந்தப் பழைய ஒப்பந்தம். பைத்தான் பிடிக்கப்படாத பிழையில் செத்தால் 1 என்ற எண்ணோடு வெளியேறும். யூனிக்ஸ் உலகில் முக்கால்வாசிக் கமாண்ட்களும் ஏதாவது தப்பென்றால் 1-தான் தரும். நாகியோஸோ 1-ஐ வார்னிங்குக்குக் கொடுத்துவிட்டது. செத்துப்போன ஸ்கிரிப்டும் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியதும் ஒரே மஞ்சள். ஒப்பந்தம் சின்னதாக இருப்பதைப் புகழ்ந்த அதே வாயால் சொல்கிறேன், இந்த ஒரு எண் தேர்வு சரியில்லை. இப்போதைக்கு ஒரே வழி, ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் வெளியே பிழையைப் பிடிக்கும் ஒரு ‘ட்ரை’ போட்டுச் சுற்றி, எதிர்பாராத பிழை எதுவானாலும் 3-ஓடு வெளியேற வைப்பது. எங்களிடம் இப்போது எல்லா ஸ்கிரிப்டிலும் அது இருக்கிறது.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸ்டேண்டர்ட் அவுட்புட் காலியாக இருந்தால் ஸ்டேண்டர்ட் எரரில் வந்ததையாவது திரையில் காட்டும் பழக்கம் நாகியோஸ் 4-இல் இருக்கிறது. அந்த ‘ட்ரேஸ்பேக்’ என்ற ஒற்றைச் சொல் இல்லையென்றால் நான் அன்றைக்கு முழுக்க டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருப்பேன்.

என்ஆர்பிஇ-க்கு இந்த நல்ல குணம் கிடையாது. அது ஸ்டேண்டர்ட் எரரை விழுங்கிவிட்டு ‘அன்ஏபிள் டு ரீட் அவுட்புட்’ என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் உரிமை இல்லாதது, சூடோ கடவுச்சொல் கேட்டு நிற்பது, விண்டோஸில் எடிட் பண்ணியதால் வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்ட கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து, லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸின் தடை என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் வேலையாக, என்ஆர்பிஇ கான்ஃபிக்கில் அந்தக் கமாண்ட் வரியின் கடைசியில் ‘2>&1’ என்று சேர்த்து, ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். விழுங்கிய பிழை அப்படியே வெளியே வந்துவிடும். சூடோ தேவைப்படும் ஸ்கிரிப்ட் என்றால் அந்த ஒரு ஸ்கிரிப்டின் முழுப் பாதைக்கு மட்டும் கடவுச்சொல் கேட்காத அனுமதி கொடுங்கள். ரெட்ஹாட் குடும்ப சர்வரில் எஸ்இலினக்ஸ் நடப்பில் இருந்தால், நாகியோஸ் சூடோ ஓட்டலாம் என்று தனியாக ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) இருக்கிறது, அதையும் பாருங்கள்.

டைம்அவுட் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு என்ஆர்பிஇ செக்கில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. நாகியோஸ் கோர் ஒரு சர்வீஸ் செக்குக்கு 60 வினாடி தருகிறது. அந்தப் பக்கம் பின்னணியில் ஓடும் என்ஆர்பிஇ டீமன் ஸ்கிரிப்டுக்கு 60 வினாடி தருகிறது. நடுவில் இரண்டையும் இணைக்கும் செக்-என்ஆர்பிஇ மட்டும் 10 வினாடியில் பொறுமை இழந்துவிடுகிறது. இயல்பான அமைப்பில் பதிலுக்குக் காத்திருப்பதில் வெளியே இருக்கும் இரண்டு 60-க்கும் வேலையே வராது. எங்கள் ரெய்டு கார்டின் கமாண்ட், கன்ட்ரோலர் பிஸியாக இருக்கும்போது பதில் சொல்ல நேரமெடுக்கும். 10 வினாடி தாண்டியதும் ‘சாக்கெட் டைம்அவுட்’, சிவப்பு. டிஸ்க்குகளோ நலமாக இருக்கின்றன. இன்னொரு விஷயம், இந்தப் பக்கம் கைவிட்டாலும் அந்த சர்வரில் ஸ்கிரிப்ட் தன் 60 வினாடி முடியும்வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்குள் மறுமுயற்சி வந்தால் இரண்டாவது பிரதியும் ஓட ஆரம்பித்து, ஏற்கெனவே திணறும் கன்ட்ரோலர் இன்னும் திணறும்.

செக்-என்ஆர்பிஇ-க்கு ‘-டி’ கொடுத்து நேரத்தைக் கூட்டலாம். பின்பதிப்புகளில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே கோலன் போட்டு, டைம்அவுட் ஆனால் எந்த நிலை என்றும் சொல்லிவிடலாம். நான் 45 வினாடி, அன்னோன் என்று வைத்திருக்கிறேன். பதில் வராததும் டிஸ்க் செத்ததும் ஒன்றல்ல. 60-ஐத் தாண்டப் போகிறீர்கள் என்றால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

செக்குக்கு வாதங்களை (ஆர்க்யுமென்ட், அதாவது ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விவரங்களை) வெளியிலிருந்து அனுப்ப என்ஆர்பிஇ-யில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் ‘டோன்ட் பிளேம் என்ஆர்பிஇ’. அதாவது, இதைத் திறந்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதே. கான்ஃபிக் ஃபைலில் இத்தனை நேர்மையான பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இயல்பில் அது மூடியிருக்கும். மூடியிருக்கும்போது வாதம் அனுப்பினால் டீமனிடமிருந்து 0 பைட் வந்தது என்று ஒரு செய்தி வரும், ஃபயர்வாலைச் சந்தேகித்து நேரம் போகும். டெபியன் பேக்கேஜில் இந்த வசதியையே கம்பைல் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், கான்ஃபிக்கில் 1 போட்டாலும் பயனில்லை. வாதங்களைத் தொலைவில் இருக்கும் சர்வரிலேயே எழுதி வைத்துவிடுவதுதான் பாதுகாப்பும்கூட.

நாகியோஸ் கான்ஃபிக் மொழிக்கு என்று சில குசும்புகள் உண்டு. வாதங்களைப் பிரிக்க ஆச்சரியக்குறி, கருத்துரை தொடங்க அரைப்புள்ளி, ஓடும்போது மதிப்பு நிரப்பப்படும் மேக்ரோவுக்கு டாலர் குறி. இந்த மூன்றும்தான் பாஸ்வேர்ட் பாலிசிக்காரர்களுக்குப் பிடித்த குறிகள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லில் ஆச்சரியக்குறி இருந்தால் அது அங்கேயே இரண்டாக வெட்டுப்பட்டுப் போகும், முன்னால் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். டாலரை இரண்டு முறை எழுத வேண்டும். கடவுச்சொல்லைக் கான்ஃபிக்கில் வைக்காமல் ஸ்கிரிப்ட் படிக்கும் தனி ஃபைலில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வெளியீட்டு வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால் வருவதெல்லாம் வரைபடத்துக்கான எண்கள் என்று நாகியோஸ் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியில் தற்செயலாக அந்தக் கோடு வந்துவிட்டால் செய்தியின் வாலைத் திரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கருவிகள் என்று பார்த்தால், வலைப்பக்கத்தின் கான்ஃபிகரேஷன் பகுதியில் ‘கமாண்ட் எக்ஸ்பான்ஷன்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நாம் எழுதிய வரி மேக்ரோக்களெல்லாம் விரிந்து கடைசியில் எப்படி ஆகிறது என்று அது காட்டும், மேலே சொன்ன ஆச்சரியக்குறிக் கோளாறு அங்கே பளிச்சென்று தெரியும். அதுவும் போதவில்லை என்றால் டீபக் லெவல் (லாகில் எவற்றின் விவரம் எழுத வேண்டும் என்று சொல்லும் எண்): 16 போட்டால் செக்குகள், 2048 போட்டால் மேக்ரோக்கள், இரண்டும் வேண்டுமென்றால் கூட்டி 2064. வேலை முடிந்ததும் 0-க்குத் திருப்பிவிடுங்கள். ஆனால் ஸ்கிரிப்ட் எந்தப் பயனராக, என்னென்ன மாறிகளோடு ஓடியது என்று சர்வீஸ் பக்கத்திலேயே காட்டும் பட்டன் ஒன்று கிடையாது. இத்தனை வருஷத்தில் அதை யாராவது சேர்த்திருக்கலாம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? ஜாபிக்ஸ் என்ற போட்டி மென்பொருள் எங்கள் இன்னொரு ஆபீஸில் ஓடுகிறது. வரைபடம், டெம்ப்ளேட், தானாகக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் நாகியோஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு ஐட்டத்தை (அங்கே ஒரு செக்குக்கு அந்தப் பெயர்) அங்கேயே சோதித்துப் பார்க்க டெஸ்ட் பட்டனும் இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டை ஓட்டும் அதன் எக்ஸ்டர்னல் செக்கில் வெளியேறும் எண்ணுக்கு மதிப்பில்லை, ஸ்டேண்டர்ட் அவுட்புட்டும் எரரும் கலந்து வரும் உரைதான் மதிப்பு. எண் எதிர்பார்க்கும் இடத்தில் ஏதோ லைப்ரரி ஒரு எச்சரிக்கையை எரரில் துப்பினால் ஐட்டமே ‘நாட் சப்போர்ட்டட்’ ஆகிவிடும். இயல்பான டைம்அவுட் 3 வினாடிதான். 2024-இல் வந்த 7.0-இலிருந்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனியாக 600 வினாடி வரை வைக்கலாம், நல்ல மாற்றம். விண்டோஸ் அதிகம் ஓடும் கம்பெனிகளுக்கு பிஆர்டிஜி என்ற மென்பொருள். ஸ்கிரிப்ட் தந்த வெளியீட்டை அப்படியே ஒரு ஃபைலில் எழுதிவைக்கும் வசதி அதில் இருக்கிறது, அந்த ஒன்றை மட்டும் நாகியோஸுக்குக் கடன் வாங்கித் தரலாம்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வாங்க வேண்டியதே இல்லை, கோர் ஜிபிஎல் உரிமத்தில் இலவசம். ஐம்பது சுவிட்சும் நூறு கேமராவும் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இதன் பக்கம் வராதீர்கள், கான்ஃபிக் ஃபைல் தட்டியே கை ஓய்ந்துபோகும். உங்கள் வேலையில் பாதி சொந்த ஸ்கிரிப்ட் என்றால், டெர்மினலில் உட்காரத் தயங்காதவர் என்றால், தாராளமாகப் போடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்ஆர்பிஇ-யை விட்டுவிட்டு நேராக என்சிபிஏ ஏஜென்டுக்குப் போவது நல்லது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும், 5693 போர்ட்டைத் திறந்தால் போதும், அதற்கென்று ஒரு வலைப்பக்கமும் உண்டு. எங்கள் விண்டோஸ் சர்வர்களில் அதுதான் இருக்கிறது. லினக்ஸ் பக்கம் தீபாவளி ஆர்டர் நெருக்கடி முடிந்ததும் மாற்றுவதாக மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.